ஞானசேகரம் எடுத்துக்கொண்ட குசினி

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமைத்தவர்களில், தான் சமைத்ததை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்க்காதவர் ஞானசேகரம் ஒருவர்தான். சைவக் குடும்பத்தில் பிறந்து மரக்கறி மட்டுமே சாப்பிட்டு வளர்ந்தவர். முப்பத்தெட்டாம் ஆண்டு அங்கே சாப்பாட்டுக் கோப்பை கழுவும் வேலைக்குப் போனார். யுத்த காலத்தில் ஆள் போதாமல் அவரை அடுப்படிக்கு மாற்றினார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடத்தில் அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்துக்கு அவர்தான் தலைமைச் சமையற்காரர்.

இறைச்சி பதமாகிவிட்டதை விரலால் அழுத்தியே அறிவார். கேக் வெந்துவிட்டதைப் போறணைக்கு ஐந்தடி தள்ளி நின்று மணத்திலேயே சொல்வார். உப்புக்கு மட்டும் அவருக்குப் பேணாட் வேண்டும்.

பேணாட் மேசையில் பரிமாறுகிறவர், கத்தோலிக்கர். பாலையூற்றில் ஞானசேகரத்தின் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது. ஞானசேகரம் கரண்டியை நீட்டுவார், பேணாட் நக்கிப் பார்ப்பார்.

"காணுமோ?"

"காணும், போதும். இன்னும் ஒரு சொட்டுப் போட்டாலும் பிழையில்லை."

அடுப்படிக்கு வந்த நாளிலிருந்து இப்படியே போனது. ஞானசேகரத்துக்கு அதில் பெருமையும் இருந்தது, யாரிடமும் சொல்லாத ஒரு குறையும் இருந்தது. வாசிக்கத் தெரியாதவன் மற்றவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற மாதிரி என்று பேணாட்டிடம் ஒருமுறை மட்டும் சொல்லியிருக்கிறார்.

பின்னேரம் மூன்றரைக்கு வீட்டுக்கு வருவார். வேலை உடுப்போடு வாசற்படி ஏறமாட்டார். கிணற்றடிக் கொடியில் மனைவி மாதுமை தோய்த்த வேட்டியைப் போட்டு வைத்திருப்பாள். பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் அள்ளி வார்த்து, இறைச்சி மணம் போகும்வரை தேய்த்துக் குளித்து, அதைக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்குப் போய்ப் பலகையில் இருந்துவிடுவார். மாதுமை அதுவரை சாப்பிடாமல் இருப்பாள்.

அவள் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் வயல்காரக் குடும்பத்துப் பெண். பிள்ளைகள் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. குசினியில் அவள் எதையும் அளந்து போட்டதில்லை. கத்தரிக்காயை நீளமாகக் கீறி, மஞ்சள் பிரட்டி, எண்ணெயில் வாடவிட்டு, இரண்டாம் பாலில் அவித்து, இறக்குகிற நேரம் முதற்பாலும் தேசிக்காய்ப் புளியும் விடுவாள். பூசணிக்காயை வறுத்த தேங்காய்ப்பூவும் மிளகும் அரைத்துப் பிரட்டுவாள். பொன்னாங்காணி வறையில் வெங்காயம் பாதி பச்சையாகவே கிடக்கும், கடிபட வேண்டும் என்பாள். சுடுசோற்றின் நடுவே குழி பறித்துத் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிச் சாப்பிடும்போது ஞானசேகரம் ஒன்றும் பேசமாட்டார். மூன்றாம் முறையும் சோறு கேட்கிறோமே, அதைவிட என்ன சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அவருடைய நாக்குக்கு அந்த நாளில் கிடைக்கிற முதல் ருசி அதுதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு பிரிட்டிஷ்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பேணாட்டுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் காவல் வேலை கிடைத்தது. ஞானசேகரத்துக்கு ஒரு நற்சான்றுக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் போகவில்லை. கட்டைபறிச்சானிலிருந்து போகத்துக்குப் போகம் மாதுமையின் பங்கு நெல் மூதூர் லோஞ்சுப் படகில் வந்துகொண்டிருந்ததால் இரண்டு பேருடைய வயிற்றுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

யோசிக்க வேண்டியிருந்தது அவருடைய மனதைப் பற்றித்தான். விடிந்தால் விறாந்தைக் கதிரையில் வந்து இருப்பார். கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் தலை நிமிரும், பிறகு குனியும். மாதுமை கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். மூன்றாம் முறை சோறு கேட்பதும் நின்றுபோனது.

மாதுமையும் பேணாட்டின் மனைவி ஐவியும் பத்து மணிக்கு வேலியின் இரண்டு பக்கமும் திருவலையைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவுகிறவர்கள். இருவருக்கும் அந்த நேரந்தான் கதை நேரம்.

"மனிசன் கதைக்குதே இல்லை, ஐவி," என்றாள் மாதுமை. "நான் என்ன வைச்சாலும் ஒண்டுதான் எண்ட மாதிரி இருக்கிறார்."

"பொறுங்கோ அக்கா. வேலை இல்லாத ஆம்பிளையை வீட்டில வைச்சிருக்கிறது லேசுப்பட்ட வேலையே?"

அடுத்த தை மாதம் மாதுமை காய்ச்சல் வந்து ஐந்து நாள் எழும்ப ஏலாமல் கிடந்தாள். ஞானசேகரம் குசினிக்குள் போனார். முதல்நாள் அரிசிக் கஞ்சி வைத்தார். இரண்டாம் நாள் தனக்கென்று ஒரு பயற்றங்காய்க் கறி வைத்தார். கொதிக்கிற சட்டிக்குள் கரண்டியை விட்டு எடுத்து, வழக்கம்போலப் பக்கத்தில் ஆள் இருக்கிற நினைவில் நீட்டப் போனவர், ஒருவரும் இல்லையென்று கண்டு தானே வாயில் வைத்தார். உப்புக் கொஞ்சம் குறைவு. போட்டார். திரும்பவும் பார்த்தார். சரியாக இருந்தது. சமைக்கிற கையும் ருசிக்கிற நாக்கும் ஒரே ஆளுடையதாக இருப்பது அவருக்கு நாற்பத்துமூன்று வயதில் அன்றுதான் நடந்தது.

ஐந்தாம் நாள் மாதுமை சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள். ஞானசேகரம் தோளில் துவாய் போட்டுக்கொண்டு சட்டியைக் கிளறி நின்றார். முகம் வேர்த்து மினுங்கியது.

"எழும்பீட்டியே? இரு, இரு. இதைச் சாப்பிட்டுப் பார்."

மாதுமை சாப்பிட்டாள். காய்ச்சல் வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூன்று மாதமாக இல்லாத உயிர் அந்த முகத்தில் வந்திருப்பதைக் கண்டாள்.

"நல்லாயிருக்கு," என்றாள்.

"அப்ப நாளைக்கும் நான் வைக்கிறன். நீ ஆறுதலாயிரு."

அவள் சரி என்றாள். ஒரு கிழமை போனால் தானே சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்தாளாம். ஐவிக்குப் பிற்காலத்தில் அப்படித்தான் சொன்னாள்.

அவர் சலிக்கவில்லை. மாசியில் தச்சனைக் கூப்பிட்டுச் சுவர் நீளத்துக்குத் தட்டு அடித்தார். சரக்கு முட்டிகள் போய்க் கண்ணாடிப் போத்தல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கடற்படைக் குசினியில் செய்வதுபோல இங்கிலீசில் பெயர் எழுதி ஒட்டினார். கத்திகளை அளவு வரிசையில் ஆணியில் மாட்டினார். சுவர்க் கடிகாரம் குசினிக்குள் வந்தது. சந்தைக்குத் தானே போய் கரட்டும் போஞ்சியும் கோவாவும் தெரிந்தெடுத்து வந்து தீப்பெட்டிக் குச்சி அளவில் வெட்டினார். மாதுமை ஏதாவது செய்ய வந்தால் கோபிக்கமாட்டார். அன்பாகத்தான் சொல்லுவார், "அதை இப்ப போடாதை", "அந்தச் சட்டி அதுக்கில்லை", "நீ போய் இரு, நான் கூப்பிடுறன்." அவளுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அவர் மனதார நம்பினார். ஊரில் எந்த ஆம்பிளை இப்படிச் செய்கிறான் என்ற எண்ணமும் இருந்தது.

பேணாட் குடும்பம் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஒருநாள் ஞானசேகரம் வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பேணாட்டும் ஐவியும் வந்தார்கள்.

"மீனைத் திண்டுபோட்டு விரதம் எண்டு சொன்னா கடவுளுக்கே சிரிப்பு வரும்," என்றார் பேணாட். "இது உண்மையான விரதம். ஆனா இப்பிடிச் சாப்பிட்டா விரதமெண்டும் சொல்ல ஏலாது."

பிறகு பழைய தளத்து ஆட்கள், தபாற் கந்தோர்க்காரர், கோயில் மணியம் என்று வெள்ளிக்கிழமைக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் கூடினார்கள். விறாந்தையில் பாய் விரித்து வாழையிலை போடுவார்கள். மாதுமை பரிமாறுவாள். எல்லாரும் சாப்பிட்டு எழும்பும்போது அவர் குசினி வாசலில் துவாயோடு நின்று பாராட்டுகளை வாங்கிக்கொள்வார். ஒரு காலத்தில் மண்டபத்துக்குள் போகாமல் பின்கதவில் நின்றவர் அவர். அந்தச் சந்தோசத்தை நாம் குறைசொல்ல முடியாது.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குப் பல்வலி. காலையில் ஆசுபத்திரிக்குப் போய்க் காத்திருந்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. வருகிற ஆட்களுக்குக் கறி ஒன்று குறையக்கூடாதென்று மாதுமை ஒரு சட்டி கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தாள். அன்று இலையில் முதலில் முடிந்தது அதுதான். தபாற் கந்தோர்க்காரர் விரலை நக்கிக்கொண்டு சொன்னார்:

"ஞானசேகரம், எத்தினையோ சாப்பிட்டனாங்கள். இந்தப் பால்கறிக்குக் கிட்ட ஒண்டும் வராது. உங்கட கைக்கு என்ன குடுத்தாலும் தகும்."

மாதுமை சோற்றுச் சட்டியோடு பக்கத்தில் நின்றாள். ஞானசேகரம் கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு சிரித்தார். பல்லுப் பிடுங்கிய வாய், கதைக்க ஏலாது என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பாயைச் சுற்றும்போது அதே வாயால் பேணாட்டோடு அரைமணி நேரம் கதைத்தார். மாதுமை இலைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அவள் செய்வதற்கு வீட்டில் முற்றம் கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் மிச்சமிருந்தன. வேலியடியில் தேங்காய் துருவுவதும் நின்றுபோயிற்று, ஏனென்றால் தேங்காயையும் அவரே துருவினார். மாசி பங்குனியில் வயல் வெட்டுக்கு, அறுவடைக்கு, அவள் கட்டைபறிச்சானுக்குப் போவது வழக்கம். முன்பெல்லாம் நாலு நாள். பிறகு ஒரு கிழமையாகி, இரண்டு கிழமையாகி, அறுபத்தெட்டாம் ஆண்டு மூன்று கிழமை போயும் வரவில்லை.

ஞானசேகரம் ஐவியிடம் குறைபட்டார். "வெட்டு முடிஞ்சிருக்குமே. அங்க என்ன செய்யிறாளெண்டு தெரியேல்லை."

ஐவி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள், "அங்க அவவுக்கு அடுப்பு இருக்குது, அண்ணை."

"இஞ்ச அடுப்பில்லையே?"

"இஞ்ச உங்களுக்கெல்லோ இருக்குது." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஆறு வருசத்துக்கு முந்தி அந்தப் பால்கறி ஆர் வைச்சதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அக்கா தேசிக்காய் விடுற பக்குவம் எனக்குத் தெரியாதே? நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அவவும் பாத்துக்கொண்டுதான் நிண்டவ."

அவர் அடுத்தநாள் காலை லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து நெல்லேற்றப் போன ஒரு மாட்டு வண்டியில் கட்டைபறிச்சானுக்குப் போனார்.

சூடு மிதித்து நெல் பிரிக்கிற நாள். மாதுமையின் தம்பி தம்பிராசாவின் வளவில் முப்பது பேருக்குச் சமையல் நடந்தது. மாமரத்துக்குக் கீழே கல்லடுப்பு மூன்று. ஞானசேகரம் வேலியோரம் வண்டியால் இறங்கும்போதே ஒரு சிரிப்புக் கேட்டது. தொண்டை திறந்த, பெரிய சிரிப்பு. யாருடையதென்று அவருக்கு விளங்க நேரமெடுத்தது. மாதுமை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈர விறகு கொண்டுவந்த ஒருவனை ஏசிக்கொண்டே சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் அகப்பை. மற்றக் கையால் ஒரு பெண்ணுக்குப் பூசணிக்காய் வெட்டுகிற அளவைக் காட்டினாள். யாரோ உப்பா புளியா என்று கேட்டதற்குத் திரும்பிப் பாராமலே பதில் சொன்னாள். பெரிய சட்டியைத் தனியாகவே தூக்கி இறக்கினாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அவர் கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் காணாத ஒருத்தி அங்கே நின்றாள்.

"அக்கா, அத்தான் வந்திருக்கிறார்," என்றார் தம்பிராசா.

மாதுமை திரும்பினாள். சிரிப்பு அடங்கியது. தலைப்பால் கையைத் துடைத்தாள். அடுப்பிலிருந்து இரண்டு அடி பின்னுக்கு வந்து, அகப்பையை அவரை நோக்கி நீட்டினாள்.

"வாங்கோ. உப்பு இன்னும் பாக்கேல்லை."

ஞானசேகரம் அதை வாங்கினார். ஏன் வாங்கினேன் என்று சாகும்வரை அவரால் சொல்ல முடியவில்லை. பத்து வருடப் பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. சட்டியிலிருந்து அள்ளி, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்புக் காணாது," என்றார்.

மாதுமை போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்தாள். அன்று மத்தியானம்வரை அடுப்படியில் அவரே நின்றார். அவள் பெண்களோடு இருந்து வெங்காயம் உரித்தாள். தம்பிராசாவின் மனைவி அவரோடு அன்று ஒரு சொல் பேசவில்லை.

உப்பு அளவாகத்தான் இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு இதைப் பேணாட்டிடம் அவர் சொன்னார். "அளவாத்தான் இருந்தது, பேணாட். எல்லாரும் பாக்கிறாங்கள், ஏதாவது சொல்ல வேணுமே எண்டு சொன்னனான்."

அடுத்தநாள் இருவரும் லோஞ்சில் திரும்பினார்கள். மாதுமை பலகையின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நேற்று அவ்வளவு ஓடியாடிய கைகள் அவர் பக்கத்தில் இருக்கும்போது அசையாமல் கிடந்தன.

"இனி நீ சமை, மாதுமை," என்றார்.

"ஏன், உங்களுக்கு ஏலாதே?"

"அதில்லை."

"பிறகு?"

அதற்குள் லோஞ்ச் துறைமுகத்துக்குள் திரும்பிவிட்டது, ஆட்கள் மூட்டைகளைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் சொன்னபடி நடக்கப் பார்த்தார். காலையில் குசினிக்குள் போகாமல் விறாந்தையில் இருந்தார். உள்ளே போத்தல் மூடிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எட்டிப் பார்த்தால் மாதுமை ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கிலீசு எழுத்து அவளுக்குத் தெரியாது. பத்து வருடமாக அந்தத் தட்டின் முன்னால் அவள் அப்படித்தான் நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே போத்தல்களில் ஒட்டிய பெயர்களையெல்லாம் நனைத்துச் சுரண்டி எடுத்தார்.

ஆனாலும் சரிவரவில்லை. "இஞ்சருங்கோ, உப்புப் பாருங்கோ" என்று கூப்பிட்டாள். "இந்த அளவு போடட்டோ?" என்று கேட்டாள். அவர் பத்து மணிக்கே பேணாட் வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தார். பசியோடு திரும்பி வந்தால் கறி அடுப்பால் இறக்கியபடி, முதற்பால் விடாமல், அவருக்காகக் காத்திருக்கும்.

"ஏன் நீயே முடிக்கேல்லை?"

"பத்து வருசமா நான் போட்டது சரியெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள் மாதுமை. கோபமில்லை, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரல். "எனக்கே இப்ப தெரியேல்லை."

இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பழையபடி அவரே சமைக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளும் நடந்தன. பாராட்டும்போது "மாதுமையும் சேர்ந்துதான்" என்று சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டு வந்தவர்கள் அவருடைய பணிவைப் புகழ்ந்தார்கள்.

எழுபத்துமூன்றில் சாமான் தட்டுப்பாடு வந்தது. பருப்பு இல்லை, செத்தல் மிளகாய் இல்லை, மல்லி இல்லை. பங்கீட்டு அரிசிக்கும் பாணுக்கும் சங்கக்கடை வாசலில் விடியவே வரிசை. வெள்ளிக்கிழமைப் பாய் சுற்றி மூலையில் நின்றது. ஒவ்வொரு போத்தலாக வெறுமையாகியது. ஞானசேகரத்தின் சமையல் நிறையச் சாமான் கேட்கிற சமையல். ஒருநாள் ஒரு மரவள்ளிக்கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குசினியில் இருந்தார்.

மாதுமை பின்வளவிலிருந்து சேலைத் தலைப்பில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். வேலியில் படர்ந்த முசுட்டை இலை, தவசி முருங்கை, சாறணைக் கீரை.

"எழும்புங்கோ," என்றாள்.

அவர் எழும்பி இடம் விட்டார்.

"கிழங்கைக் கொண்டுபோய் வாசல்ல இருந்து உரியுங்கோ. நடு வேரை எடுத்துப்போடுங்கோ."

அவர் வாசலில் இருந்து உரித்தார். அவள் கிழங்கை மஞ்சளோடு அவித்து, பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் உப்பும் வைத்து அம்மியில் கட்டையாக ஒரு சம்பல் அரைத்தாள். முசுட்டையைச் சுண்டினாள். தவசி முருங்கையில் ஒரு சொதி வைத்தாள். அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கும் அதில் ஒன்றும் தெரியாது. வயல் வளவில் பஞ்சம் பார்த்து வளர்ந்தவளின் சமையல் அது. அவருடைய கடிகாரத்துக்கும் கத்திகளுக்கும் அதில் வேலையில்லை.

சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஞானசேகரம் சொன்னார்:

"நல்லாயிருக்குது, மாதுமை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓமோ," என்றாள். இன்னும் ஒரு அகப்பைச் சொதியை அவருடைய கோப்பையில் ஊற்றினாள்.

இருவரும் சேர்ந்து சந்தோசமாகச் சாப்பிட்ட காலம் எதுவென்று கேட்டால் அந்த மூன்று வருடந்தான் என்பார் ஞானசேகரம். சனங்கள் பசியில் இருந்த காலத்தை இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றும் சொல்வார். மாதுமை அடுப்படியில் நிற்பாள், அவர் வாசலில் இருந்து அவள் தந்ததை ஆய்வார், உரிப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் ஐவி திருவலையோடு வந்திருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் பேணாட்டும் ஐவியும் தங்கள் வீட்டுக் கிழங்கைக் கொண்டு வருவார்கள், நாலு பேருமாகக் குசினி நிலத்திலேயே இருந்து சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. சின்னதாக ஒன்று சில நாட்களில் வந்தது.

எழுபத்தாறு மார்கழி, விடாத மழை. மாதுமை நெஞ்சுக்குள் பிடிக்கிறதென்றாள். ஆசுபத்திரியில் மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை, வீட்டில் கீரை வாடப் போகிறது, ஐவியிடம் கொடுங்கோ என்று சொன்னாள். மத்தியானம் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டில் படையலுக்குச் சமைக்க வேண்டும். செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் வைத்துப் படைப்பது வழக்கம். கட்டைபறிச்சானிலிருந்து தம்பிராசாவும் மனைவியும் வந்திருந்தார்கள். ஞானசேகரம் அன்று குசினிக்குள் போகவில்லை. கதிரையில் இருந்தார். தம்பிராசாவின் மனைவி வந்து கேட்டாள்:

"அண்ணை, மச்சாளுக்கு விருப்பமான கறி எது? சொல்லுங்கோ, முதல்ல அதை வைப்பம்."

கத்தரிக்காய்ப் பால்கறி என்று சொல்ல வாயெடுத்தார். அது அவருக்கு விருப்பமான கறி. பூசணிக்காய்ப் பிரட்டலும் அவருக்கு விருப்பமானதுதான். பொன்னாங்காணி வறையும் அப்படித்தான். முப்பத்தொன்பது வருடம் அவளோடு ஒரே குசினியில் சாப்பிட்டிருக்கிறார், அவள் எதை இரண்டாம் முறை எடுத்துப் போட்டாள் என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சாப்பிட்டு எழும்பியபின் அவள் இருந்து சாப்பிட்டதும், பிற்காலத்தில் அவர் போட்டதைச் சாப்பிட்டதும், தட்டுப்பாட்டில் கிடைத்த கீரையையும் கிழங்கையும் சாப்பிட்டதும்தான்.

"எனக்குத் தெரியேல்லை," என்றார்.

"பாவற்காய்," என்றாள் அவளே. "எங்கட வீட்டை வந்தா முதல் வேலை கொடியில பாவற்காய் பிடுங்கிறதுதான். தேங்காய்ப்பால் விட்டு, கசப்புப் போகாமல் வைச்சு, சட்டியோட வைச்சுச் சாப்பிடுவா."

"இஞ்ச ஒரு நாளும் பாவற்காய் வைச்சதில்லையே."

"வைக்கமாட்டா. கலியாணம் முடிச்ச புதிசில ஒருக்கா வைச்சவவாம். நீங்கள் ஒரு வாய் வைச்சுப்போட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சனீங்களாம். அதுக்குப் பிறகு வைக்கேல்லை எண்டு சொன்னவ."

ஞானசேகரம் நினைத்துப் பார்த்தார். அன்று முழுவதும் நினைத்துப் பார்த்தார். படையலில் பாவற்காய்க் கறியும் வைத்தார்கள், அவரும் அதில் கொஞ்சம் சாப்பிட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஆவணியில் அவர் இறந்தார். அதுவரை தனக்கென்று ஒரு கறியும் சோறும் வைத்துச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஐவி ஒரு கோப்பை சாப்பாடு கொடுத்துவிடுவாள். பின்னேரங்களில் பேணாட் வந்து பக்கத்தில் இருந்தால், துறைமுகக் கதை, தளத்துக் கதை எல்லாம் பேசுவார். இடையில் நிறுத்தி, "அப்பிடியொரு நாள் நடந்ததெண்டு எனக்கு நினைவே இல்லை, பேணாட்," என்பார்.

பாவற்காய்க் கோப்பையைத் தள்ளி வைத்த நாளைத்தான் சொல்கிறார் என்று பேணாட்டுக்குத் தெரியும்.